மூச்சை இழுத்துப் பிடிங்க..! ஸ்கேன் அறைக்குள் நடப்பது என்ன?

காலை 7.30 மணி. எந்த ஊர் ஸ்கேன் சென்டருக்குப் போனாலும் ஒரே காட்சிதான். ஒரு பக்கம், ராத்திரியிலிருந்து எதுவும் சாப்பிடாமல், காபி நினைப்பில் முகம் சுண்டிப்போய் உட்கார்ந்திருப்பவர்கள். இன்னொரு பக்கம், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் காலி செய்துவிட்டு, "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் சிஸ்டர்? முட்டிக்கிட்டு வருது" என்று நெளிந்தபடி நடப்பவர்கள். நடுவில், மேடிட்ட வயிற்றோடு ஒரு மகளும், அவளுடைய ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவும்.

உள்ளே போனால் மொத்தம் பத்துப் பதினைந்து நிமிடம். ஏ.சி. குளிர். வயிற்றில் சில்லென்று ஜெல். "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க... விடுங்க... இந்தப் பக்கம் திரும்பிப் படுங்க." முடிந்தது. வெளியே வரும்போது கையில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். எது தலை, எது கால் என்று வீட்டில் யாருக்கும் புரியாது.

ஊசி இல்லை, கத்தி இல்லை, வலி இல்லை. அதனாலேயே பலருக்கு இது ஒரு பெரிய விஷயமாகத் தெரிவதில்லை. ஆனால், கத்தி வைக்காமல் உடம்புக்குள் எட்டிப் பார்க்க மருத்துவர்கள் எத்தனை காலம் தவித்தார்கள் என்பதும், கடைசியில் அந்த வழி கிடைத்த இடம் ஒரு கொதிகலன் தொழிற்சாலை என்பதும் சுவாரஸ்யமான கதை.

தேங்காயும் பீப்பாயும்

தேங்காய் வாங்கும்போது காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்போம். பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்போம். மண்பானையைச் சுண்டிப் பார்க்காமல் காசு கொடுக்க மாட்டோம். வெளியே தெரியாததைச் சத்தம் சொல்லிவிடும் என்பது நம் வீட்டுப் பாட்டிகளுக்குத் தெரிந்த கணக்கு.

ஐரோப்பாவிலும் இதே கணக்குதான் மருத்துவத்துக்கு வந்தது. ஆஸ்திரியாவைச் சேர்ந்த லியோபோல்ட் ஔவன்புருகர் என்ற மருத்துவரின் அப்பா சத்திரம் நடத்தியவர். பீப்பாயில் எவ்வளவு ஒயின் மிச்சம் இருக்கிறது என்பதைத் தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். அதையே நோயாளியின் மார்பில் செய்து பார்த்து, நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருப்பதைக் கண்டுபிடிக்கலாம் என்று 1761-ல் எழுதினார் ஔவன்புருகர். இன்றும் டாக்டர்கள் முதுகில் ஒரு கையை வைத்து, இன்னொரு கை விரலால் 'டொக் டொக்' என்று தட்டிப் பார்ப்பது அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சிதான்.

ஸ்கேன் கருவியும் தட்டித்தான் பார்க்கிறது. ஆனால், அது தட்டும் சத்தம் நம் காதுக்குக் கேட்காது. மனிதக் காது விநாடிக்கு 20 முதல் 20,000 அதிர்வுகள் வரைதான் கேட்கும். வயிற்று ஸ்கேனில் அனுப்பப்படும் ஒலி விநாடிக்கு 20 லட்சம் முதல் 50 லட்சம் அதிர்வுகள் கொண்டது. அதனால்தான் அதற்கு அல்ட்ரா சவுண்ட், அதாவது மீயொலி என்று பெயர்.

காரின் டிக்கியில் கட்டிகள்!

1955-ம் ஆண்டு. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம். அங்கே பல்கலைக்கழகத்தில் மகப்பேறு மருத்துவப் பேராசிரியராக இருந்தவர் இயன் டொனால்ட். இரண்டாம் உலகப்போரில் விமானப்படையில் மருத்துவராகப் பணியாற்றியவர். ரேடார், சோனார் போன்ற கருவிகளை அங்கே நேரில் பார்த்தவர். கடலுக்குள் மறைந்திருக்கும் நீர்மூழ்கிக் கப்பலை எதிரொலியை வைத்துக் கண்டுபிடிக்க முடிகிறதே, வயிற்றுக்குள் மறைந்திருக்கும் கட்டியைக் கண்டுபிடிக்க முடியாதா என்ற கேள்வி அவரைக் குடைந்துகொண்டே இருந்தது.

கிளாஸ்கோவுக்குப் பக்கத்தில் ரென்ஃப்ரூ என்ற ஊரில் பாய்லர் செய்யும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. வெல்டிங் செய்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று பார்க்க, அங்கே மீயொலிக் கருவியைப் பயன்படுத்தினார்கள். டொனால்டின் நோயாளி ஒருவரின் கணவர் அந்த நிறுவனத்தில் உயர் பொறுப்பில் இருந்தார். அந்தப் பழக்கத்தில் அனுமதி கிடைத்தது.

அறுவை சிகிச்சையில் பெண்களின் வயிற்றிலிருந்து அகற்றிய நீர்க்கட்டிகளையும் தசைக்கட்டிகளையும் இரண்டு கார்களின் டிக்கியில் ஏற்றிக்கொண்டு தொழிற்சாலைக்குப் போனார் டொனால்ட். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தொழிற்சாலையினர் ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டை வாங்கி வைத்திருந்தார்கள். இரும்பைச் சோதிக்கும் கருவியை ஒவ்வொன்றின் மேலும் வைத்துப் பார்த்தார்கள். தண்ணீர் நிறைந்த கட்டி ஒரு மாதிரியும், கெட்டியான தசைக்கட்டி வேறு மாதிரியும் எதிரொலி கொடுத்தன. டொனால்டுக்கு அது போதுமாக இருந்தது.

இந்த முயற்சியைக் கேள்விப்பட்டுத் தானாகவே அவருக்கு போன் செய்தவர் டாம் பிரவுன். கருவிகள் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த இளம் பொறியாளர். இருவரும், ஜான் மெக்விகர் என்ற மருத்துவரும் சேர்ந்து உழைத்தார்கள். அப்போது ஜெல் எல்லாம் கிடையாது. நோயாளியின் வயிற்றில் ஆலிவ் எண்ணெயைத் தடவிவிட்டுத்தான் கருவியை வைத்தார்கள்.

சக மருத்துவர்களில் பலர் இதை நம்பவில்லை. கை வைத்து அழுத்திப் பார்த்தாலே தெரியும் கட்டிக்கு எதற்கு இத்தனை பெரிய இயந்திரம் என்பது அவர்கள் வாதம்.

நிலைமையை மாற்றியவர் ஒரு நோயாளி. வயிறு வீங்கி, உடம்பு மெலிந்து, சாப்பிட்டதெல்லாம் வாந்தியாகி, நாள்களை எண்ணிக்கொண்டிருந்த பெண்மணி. இரைப்பைப் புற்றுநோய், இனி அறுவை சிகிச்சையால் பயனில்லை என்று முடிவு கட்டியிருந்தார்கள். டொனால்டின் குழு அவர் வயிற்றில் கருவியை வைத்துப் பார்த்தது. திரையில் தெரிந்தது புற்றுநோயின் நீர்க்கோவை அல்ல. தெளிவான சுவர் கொண்ட, மிகப் பெரிய நீர்க்கட்டி! வயிற்றைத் திறந்தார்கள். சினைப்பையில் வளர்ந்திருந்த அந்தக் கட்டியை முழுதாக அகற்றினார்கள். அது புற்றுநோயே இல்லை. மரணத்துக்குக் காத்திருந்த அந்தப் பெண்மணி பிழைத்து வீடு திரும்பினார்.

1958 ஜூன் 7-ம் தேதி 'லான்செட்' மருத்துவ இதழில் மூவரின் கட்டுரை வெளியானது. கருப்பைக்குள் இருக்கும் சிசுவின் படமும் அதில் இருந்தது. இன்று உலகம் முழுக்க ஓடும் கர்ப்பகால ஸ்கேனுக்குப் பிள்ளையார் சுழி அதுதான்.

ஜெல் எதற்கு? தண்ணீர் எதற்கு?

வயிற்றில் வைத்து நகர்த்தும் அந்தக் கருவிக்குப் பெயர் புரோப். அதற்குள் மின்சாரம் பாய்ந்தால் அதிரும் தன்மையுள்ள சிறு துண்டுகள் இருக்கின்றன. அதிர்ந்தால் ஒலி பிறக்கும். திரும்பி வரும் ஒலி அதே துண்டுகளில் மோதினால் மின்சாரம் பிறக்கும். ஆக, ஒரே பொருள் வாயாகவும் இருக்கிறது, காதாகவும் இருக்கிறது. சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் வரும் என்று 1880-ல் கண்டுபிடித்தவர்கள், பிரான்ஸைச் சேர்ந்த ஜாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள். மேரி கியூரியைப் பின்னாளில் மணந்தாரே, அதே பியர் கியூரிதான்.

உடம்பின் மென்மையான பகுதிகளில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 1,540 மீட்டர் வேகத்தில் ஓடும். 10 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும் ஓர் உறுப்பில் மோதித் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு விநாடியை 7,700 கூறு போட்டால், அதில் ஒரு கூறு! அந்த இடைவெளியை அளந்து, 'இது இவ்வளவு ஆழத்தில் இருக்கிறது' என்று கணினி ஒரு புள்ளி வைக்கிறது. இப்படிப் பல்லாயிரம் புள்ளிகள் சேர்ந்ததுதான் திரையில் தெரியும் படம். விநாடிக்குப் பல முறை புதிய படம் வரைவதால், குழந்தை கையை ஆட்டுவதும் கொட்டாவி விடுவதும் சினிமாபோலத் தெரிகிறது.

இந்த ஒலிக்கு ஒரு பரம எதிரி உண்டு. காற்று. தோலுக்கும் புரோபுக்கும் நடுவே துளி காற்று இருந்தாலும், ஒலி கிட்டத்தட்ட முழுவதும் உள்ளே போகாமல் திரும்பிவிடும். அந்தக் காற்றை விரட்டத்தான் ஜெல்.

தண்ணீர் குடிக்கச் சொல்வதும் அதனால்தான். சிறுநீர்ப்பை நிறைந்தால், காற்று நிறைந்த குடலை ஒதுக்கித் தள்ளிவிடும். பின்னால் இருக்கும் கருப்பையும் சினைப்பையும் ஜன்னல் வழியாகப் பார்ப்பதுபோலத் தெளிவாகத் தெரியும். வெறும் வயிற்றோடு வரச் சொல்வது பித்தப்பைக்காக. சாப்பிட்டவுடன் பித்தப்பை தன்னிடம் உள்ள பித்தநீரைக் குடலுக்குள் அனுப்பிச் சுருங்கிவிடும். சுருங்கிய பையில் கல் இருந்தாலும் சரியாகத் தெரியாது. "ஒரே ஒரு காபிதானே" என்று குடித்துவிட்டுப் போய், மறுநாள் மீண்டும் வரிசையில் நிற்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வது? கல்லீரல் விலா எலும்புகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். மூச்சை இழுத்தால் உதரவிதானம் அதைக் கீழே தள்ளும். எலும்பின் மறைவிலிருந்து கல்லீரல் வெளியே வந்து முகம் காட்டும்.

தாய்க்கும் சேய்க்கும்

கர்ப்பகாலத்தில் எத்தனை ஸ்கேன் தேவை என்பது ஒவ்வொருவரின் உடல்நிலையைப் பொறுத்தது. ஆனால், 24 வாரங்களுக்குள் ஒரு ஸ்கேனாவது கட்டாயம் வேண்டும் என்று 2016-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது.

முதல் மூன்று மாதங்களில் எடுக்கும் ஸ்கேன், கரு கருப்பைக்குள்தான் தங்கியிருக்கிறதா என்று சொல்லும். கருக்குழாயில் தங்கிய கரு குழாயை வெடிக்கச் செய்து, தாயின் உயிருக்கே உலை வைத்துவிடும். இரட்டைக் குழந்தை என்றால், இரண்டுக்கும் ஒரே நஞ்சுக்கொடியா, தனித்தனியா என்பதையும் இந்தக் கட்டத்தில்தான் தெளிவாகச் சொல்ல முடியும். கடைசி மாதவிடாய்த் தேதி மறந்துபோனவர்களுக்கு, கருவின் நீளத்தை அளந்து சில நாள்கள் வித்தியாசத்துக்குள் பிரசவ தேதியைக் கணித்துவிடலாம்.

11 வாரம் முதல் 13 வாரம் 6 நாள்களுக்குள் எடுப்பது என்.டி. ஸ்கேன். சிசுவின் பின்கழுத்தில் உள்ள நீரின் தடிமனை அளந்து, டவுன் சிண்ட்ரோம் போன்ற குறைபாடுகளுக்கு வாய்ப்பு அதிகமா, குறைவா என்று பார்ப்பார்கள். இது வாய்ப்பைச் சொல்லும் சோதனைதான், தீர்ப்பு அல்ல.

அடுத்தது 18 முதல் 22 வாரங்களுக்குள் எடுக்கும் அனாமலி ஸ்கேன். மூளை, முதுகெலும்பு, இதயத்தின் நான்கு அறைகள், சிறுநீரகங்கள், கை கால்கள், உதடு என ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பார்கள். "மத்த ஸ்கேன் பத்து நிமிஷத்துல முடிஞ்சுது, இது மட்டும் ஏன் இவ்ளோ நேரம்?" என்று பயப்படத் தேவையில்லை. சில நேரம் குழந்தை குப்புறப் படுத்துக்கொண்டு முகம் காட்டாது. அம்மாவை நடந்துவிட்டு வரச் சொல்லி, திரும்பவும் பார்ப்பார்கள்.

கடைசி மாதங்களில் எடுக்கும் ஸ்கேனில் குழந்தையின் எடை, பனிக்குட நீரின் அளவு, நஞ்சு இருக்கும் இடம் ஆகியவை தெரியும். நஞ்சு கருப்பை வாயை மூடிக்கொண்டு கீழே இருப்பது முன்கூட்டியே தெரியாவிட்டால், பிரசவ நேரத்தில் ரத்தம் கொட்டித் தாயும் சேயும் தத்தளிக்க நேரிடும். தெரிந்துவிட்டால், ரத்தமும் அறுவை சிகிச்சை அரங்கும் தயாராக இருக்கும் மருத்துவமனையில் முன்பே சேர்த்துவிடலாம்.

கப்பல் தளத்திலிருந்து இதயத்துக்கு

கிளாஸ்கோவுக்கு முன்பே, 1953-ல், ஸ்வீடனின் லுண்ட் நகரில் இன்னொரு ஜோடி இதே வழியில் நடந்துகொண்டிருந்தது. இதய மருத்துவர் இங்கே எட்லர், இயற்பியலாளர் ஹெல்முத் ஹெர்ட்ஸ். இவர்களுக்குக் கைகொடுத்தது, கப்பல் கட்டும் தளத்தில் இரும்பைச் சோதிக்கும் கருவி. அதை மார்பில் வைத்து, துடிக்கும் இதயத்தின் அசைவைப் பதிவு செய்தார்கள். நாம் இன்று 'எக்கோ' என்று சொல்லும் பரிசோதனை அங்கே பிறந்தது.

சிறு வயதில் வரும் ருமாட்டிக் காய்ச்சல் இதய வால்வைச் சுருக்கிவிடும். எந்த வால்வு, எவ்வளவு சுருங்கியிருக்கிறது, அறுவை சிகிச்சை தேவையா என்பதை எக்கோதான் இன்று சொல்கிறது. அதில் ரத்த ஓட்டத்தின் திசையையும் வேகத்தையும் காட்டுவது டாப்ளர். ஆம்புலன்ஸ் நம்மை நெருங்கும்போது சைரன் சத்தம் கூர்மையாகவும், கடந்து போனதும் மட்டமாகவும் கேட்கிறதல்லவா? 1842-ல் கிறிஸ்டியன் டாப்ளர் சொன்ன அந்தத் தத்துவம்தான் இங்கே வேலை செய்கிறது. திரையில் தெரியும் சிவப்பும் நீலமும் நல்ல ரத்தம், கெட்ட ரத்தம் அல்ல. புரோபை நோக்கி வரும் ரத்தம் பொதுவாகச் சிவப்பு, விலகிப் போகும் ரத்தம் நீலம். அவ்வளவுதான்.

எக்கோ ரிப்போர்ட்டில் 'இ.எஃப். 60 சதவிகிதம்' என்று பார்த்துவிட்டு, "ஹார்ட் 60 சதவிகிதம்தான் வேலை செய்யுதாம்" என்று அழும் குடும்பங்கள் உண்டு. ஒவ்வொரு துடிப்பிலும், இதயத்தின் கீழறை தன்னிடம் நிறைந்த ரத்தத்தில் எவ்வளவு பங்கை வெளியே தள்ளுகிறது என்பதுதான் அந்த எண். ஆரோக்கியமான இதயமே 55 முதல் 70 சதவிகிதம்தான் தள்ளும். 60 என்றால் சந்தோஷப்பட வேண்டும்.

விபத்தில் கைகொடுக்கும் நான்கு நிமிடம்

பைக் விபத்தில் அடிபட்டவர் வருகிறார். வெளிக்காயம் பெரிதாக இல்லை. பேசுகிறார். ஆனால், ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போகிறது. உள்ளே ரத்தம் கசிகிறதா?

முன்பெல்லாம் வயிற்றில் குழாய் செருகி, நீரை விட்டு எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. இன்று அவசர சிகிச்சைப் பிரிவில் படுக்கையருகே சிறிய ஸ்கேன் கருவியைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். கல்லீரலைச் சுற்றி, மண்ணீரலைச் சுற்றி, சிறுநீர்ப்பை அருகே, இதயத்தைச் சுற்றி என்று நான்கு இடங்கள். ரத்தம் தேங்கியிருந்தால் திரையில் கறுப்பாகத் தெரியும். மூன்று நான்கு நிமிடத்தில் பார்த்துவிட்டு, நோயாளியை நேராக ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோகலாம்.

டெங்கு காய்ச்சலில் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து, நுரையீரலைச் சுற்றியும் வயிற்றிலும் சேரும். பித்தப்பையின் சுவர் தடித்துப்போகும். ஆபத்துக் கட்டம் நெருங்குவதை இந்த அறிகுறிகளை வைத்து ஸ்கேன் எச்சரிக்கும். காலில் திடீர் வீக்கம் என்றால், தொடையிலும் முழங்காலுக்குப் பின்னாலும் உள்ள ரத்தக் குழாயை புரோபால் அழுத்திப் பார்ப்பார்கள். நல்ல சிரை அழுத்தினால் தட்டையாகிவிடும். தட்டையாகவில்லை என்றால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கிறது. அது நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளும் முன் சிகிச்சை தொடங்கலாம்.

கல்லீரலில் சீழ்க்கட்டி என்றால், வயிற்றைத் திறக்காமல் ஸ்கேனில் பார்த்துக்கொண்டே குழாய் செருகிச் சீழை வடித்துவிடலாம். தைராய்டிலும் மார்பகத்திலும் உள்ள கட்டியிலிருந்து ஊசியால் திசு எடுக்கவும் ஸ்கேன்தான் வழிகாட்டுகிறது.

பார்ப்பதோடு நிற்பதில்லை. 1960-களில், நியூயார்க்கில் கண் மருத்துவர் சார்லஸ் கெல்மன் பல் சுத்தம் செய்துகொள்ள நாற்காலியில் உட்கார்ந்தார். பல்லின் காரையை மீயொலியால் அதிரவைத்து உதிர்க்கும் கருவி அது. 'இதே மாதிரி கண்புரையையும் உடைத்து எடுத்தால் என்ன?' என்று அவருக்குத் தோன்றியது. 1967-ல் அதைச் செய்து காட்டினார். சிறு துளை போட்டுப் புரையைக் கரைத்து எடுத்து, அன்றே வீட்டுக்கு அனுப்பும் 'ஃபேகோ' அறுவை சிகிச்சை அப்படி வந்ததுதான்.

சுவரில் தொங்கும் பலகை

இத்தனை நல்லது செய்த கருவியின் மீது ஒரு கறையும் படிந்திருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது.

ஒவ்வொரு ஸ்கேன் சென்டரிலும் கருவில் இருப்பது ஆணா, பெண்ணா என்று இங்கே தெரிவிப்பதில்லை, அது சட்டப்படி குற்றம் என்று ஒரு பலகை தொங்கும். அந்தப் பலகைக்குப் பின்னால் பிறக்காமல் போன பெண் குழந்தைகள் இருக்கிறார்கள். இந்தியாவில் 6 வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு 1961-ல் 976 பெண் குழந்தைகள் இருந்தார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அது 919 ஆகக் குறைந்திருந்தது. தமிழ்நாட்டில் 943.

பெண் சிசுவைப் பிறந்த பின் கொல்லும் கொடுமை தமிழ்நாட்டின் சில பகுதிகளில் இருந்ததால்தான், 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது. ஸ்கேன் வந்தபோது, பிறக்கும் வரைகூடக் காத்திருக்கத் தேவையில்லை என்று சிலர் கண்டுகொண்டார்கள். கள்ளிப்பால் செய்த வேலையை ஒரு கண்ணசைவு செய்தது.

1994-ல் இயற்றப்பட்டு, 1996 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த சட்டம் இதைத் தடை செய்தது. 2003-ல் அது இன்னும் கடுமையாக்கப்பட்டது. பாலினத்தைச் சொல்லும் மருத்துவருக்கு 3 ஆண்டுகள் வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் கிடைக்கும். சொல்லச் சொல்லி வற்புறுத்தும் கணவருக்கும் உறவினர்களுக்கும் 3 ஆண்டுகள் வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். கட்டாயப்படுத்தி அழைத்து வரப்பட்ட கர்ப்பிணிக்கு இந்தத் தண்டனை கிடையாது. ஒவ்வொரு கர்ப்பகால ஸ்கேனுக்கும் படிவம் நிரப்பிக் கையெழுத்து வாங்குவதும் இந்தச் சட்டத்தின் பகுதிதான். வாயால் மட்டுமல்ல, சைகையாலும் சொல்லக்கூடாது. "ஸ்வீட் வாங்கிக்கோங்க" என்று பூடகமாகச் சொன்னாலும் குற்றமே.

ரிப்போர்ட் கையில் வந்ததும்...

ஸ்கேன் எல்லாவற்றையும் பார்த்துவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. அது உண்மை இல்லை.

எலும்பைத் தாண்டியும் காற்றைத் தாண்டியும் மீயொலி போகாது. அதனால் இரைப்பைப் புண்ணும், குடலில் தொடங்கும் சிறிய புற்றுக்கட்டியும் வயிற்று ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது. சிறுநீரகத்தில் உள்ள கல் தெரியும். சிறுநீர்க்குழாயின் நடுவே சிக்கிய கல் தப்பிவிடலாம். 'ஸ்கேன் நார்மல்னு வந்துடுச்சே' என்று, விடாத வலியோடும் எடைக்குறைவோடும் வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது. எண்டோஸ்கோப்பியோ சி.டி. ஸ்கேனோ தேவைப்படலாம்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. 'சிம்பிள் சிஸ்ட்' என்ற வார்த்தையைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் தூங்காதவர்கள் ஏராளம். சிறுநீரகத்திலோ கல்லீரலிலோ இருக்கும் சாதாரண நீர்க்கட்டிக்குப் பெரும்பாலும் எந்தச் சிகிச்சையும் தேவையில்லை. சினைப்பையில் நிறைய சிறு நீர்ப்பைகள் தெரிவதாலேயே ஒரு பெண்ணுக்கு பி.சி.ஓ.எஸ். என்று முடிவு கட்டிவிட முடியாது. மாதவிடாய் ஒழுங்கு, ரத்தப் பரிசோதனை எல்லாம் சேர்த்துத்தான் டாக்டர் முடிவு செய்வார்.

'ஃபேட்டி லிவர் கிரேடு 1' என்று வந்தால், பயப்படவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். கல்லீரலில் கொழுப்பு சேரத் தொடங்கியிருக்கிறது என்ற முதல் எச்சரிக்கை அது. எடையைக் குறைத்து, தினமும் நடந்து, மதுவை விட்டு, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் பின்வாங்கக்கூடிய நிலை.

எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன்போல இதில் கதிர்வீச்சு கிடையாது. அதனால்தான் கர்ப்பிணிகளுக்கு இதையே தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்காக, குழந்தை முகத்தைப் பார்க்கும் ஆசைக்காகவே அடிக்கடி எடுப்பதும் சரியல்ல. ஒலியும் ஒரு சக்திதான், தேவைக்கு மட்டும் என்பதே மருத்துவ உலகின் விதி.

இன்னொன்று. சி.டி. படத்தைப் பிறகு யார் வேண்டுமானாலும் முழுதாகப் புரட்டிப் பார்க்கலாம். மீயொலி ஸ்கேன் அப்படி இல்லை. புரோபைப் பிடித்திருக்கும் கையும், திரையைப் பார்க்கும் கண்ணும்தான் பாதி பரிசோதனை. எனவே பழைய ரிப்போர்ட்களைத் தூக்கிப் போடாமல் ஒரே ஃபைலில் தேதிவாரியாக வைத்துக்கொண்டு போவது நல்லது. எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக, என்ன அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது என்பதை ஸ்கேன் எடுப்பவரிடம் சொல்லிவிட வேண்டும். எங்கே உற்றுப் பார்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்தால், சின்ன விஷயம்கூடத் தப்பாது.

மீண்டும் அந்த வரவேற்பறை. உள்ளே போன மகள் கதவைத் திறந்துகொண்டு வருகிறாள். நிமிடத்துக்கு 110 முதல் 160 முறை துடிக்கும் அந்தச் சின்ன இதயத்தின் 'டப்டப்' சத்தத்தைக் கேட்டுவிட்டு வந்த முகம். அம்மா ஃபைலை மூடிவிட்டு எழுந்திருக்கிறார்.

"என்னவாம்மா?"

"நல்லா இருக்காம்மா."

கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான். சொல்ல வேண்டிய பதிலும் அதுதான்.